தண்ணீரே இல்லாத இடத்தில் சவ்வூடு சுருள்கள் ஒன்றையொன்று ஏன் பிடித்துக்கொள்கின்றன?

கயல் எழுதியது:

வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. நீரில் கரையும் புரதம் ஏன் மடிகிறது என்று கேட்டால் என்னால் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியும்: எண்ணெய்த் தன்மையுள்ள பக்கத்தொடர்கள் தண்ணீரிலிருந்து ஒதுங்கி உள்ளே போகின்றன, அதனால் சங்கிலி சுருண்டு உருண்டையாகிறது. சவ்வூடு சுருள்களுக்கு, அதாவது செல்சவ்வைக் குறுக்கே கடந்து நிற்கும் புரதச் சுருள்களுக்கு, வரும்போது இந்த விளக்கம் காலை வாரிவிடுகிறது. அங்கே சுருளைச் சுற்றியிருப்பவையே, சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறுகளான கொழுமியங்களின் எண்ணெய் வால்கள்தான். தண்ணீரே இல்லாதபோது எதிலிருந்து ஒதுங்குவது? அப்படியிருக்க, ஒரே ஈரடுக்கில் (இரண்டு கொழுமிய அடுக்குகளாலான சவ்வில்) மிதக்கும் இரண்டு சுருள்கள், தம்மைச் சூழ்ந்துள்ள எண்ணற்ற கொழுமியங்களை விட்டுவிட்டு ஒன்றோடொன்று சேர்வது எதனால்? வகுப்பில் கேட்டேன், வான் டெர் வால்ஸ் விசை என்று பதில் வந்தது. சுருளுக்கும் கொழுமிய வாலுக்கும் இடையில் இருப்பதும் அதே விசைதானே?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு சவ்வூடு பெப்டைடை, அதாவது குட்டையான புரதத் துண்டை, எஸ்.டி.எஸ். என்ற சவர்க்காரம் கலந்து எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன். எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ இரு மடங்கு எடைக்குரிய உயரத்தில் தெளிவான ஒரே ஒரு பட்டை இருந்தது. இருபடி (இரண்டு சேர்ந்த ஜோடி) என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதிவிட்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

பழைய_பட்டை எழுதியது:

கயல், கொழுமியத்தோடும் அதே விசைதானே என்று கேட்டீர்களே, விஷயம் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1990-இல் ழான்-லுக் போப்போவும் டொனால்ட் எங்கெல்மனும் இருகட்ட மாதிரியை முன்வைத்தார்கள். ஈரடுக்கின் எண்ணெய்ப் பகுதி ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ராம் தடிமன் கொண்டது. ஆல்பா சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம் என்பதால், 20 அமினோ அமிலங்கள் இருந்தால் ஒரு கரையிலிருந்து மறுகரையை எட்டிவிடலாம். தண்ணீர் கிடைக்காத இடத்தில் பெப்டைடு முதுகெலும்பு தன் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு எளிய வழி சுருளாவதுதான். எனவே முதல் கட்டத்தில் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகவே நிலைபெற்றுச் சவ்வுக்குள் நிற்கிறது. நீர்வெறுப்பு விளைவின் பெரும்பங்கு இந்த இடத்திலேயே செலவாகிவிடுகிறது. ஏற்கெனவே உருவாகி நிற்கும் சுருள்கள் பக்கவாட்டில் நகர்ந்து சேர்வது இரண்டாம் கட்டம்.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு பாக்டீரியோரோடாப்சின் சான்று. ஏழு சுருள்கள் கொண்ட அந்த ஊதாநிறப் புரதத்தைக் கைமோட்ரிப்சின் நொதியால் ஓரிடத்தில் வெட்டினால், இரண்டு சுருள்கள் ஒரு துண்டிலும் ஐந்து சுருள்கள் மற்றொன்றிலுமாகப் பிரியும். 1987-இல் போப்போ குழு இந்தத் துண்டுகளைத் தனித்தனிக் கொழுமியக் குமிழிகளில் ஏற்றி, பிறகு குமிழிகளை ஒன்றாக இணைத்தது. அந்தப் புரதத்துக்கு நிறம் தரும் ரெட்டினாலைச் சேர்த்தபோது ஊதா நிறம் திரும்பி வந்தது. ஏழு சுருள்களையும் ஒரே சங்கிலியாகப் பிணைக்கும் வளையம் வெட்டப்பட்டிருந்தும், சவ்வுக்குள் நின்ற துண்டுகள் தம் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன.

அடுத்து, இந்தத் துறையின் செல்லப்பிள்ளையான கிளைகோஃபோரின் ஏ. சிவப்பணுச் சவ்வில் இருக்கும் 131 அமினோ அமிலப் புரதம். எம், என் இரத்த வகைகளைத் தீர்மானிப்பதும் இதன் வெளிமுனைதான். சவ்வை ஒரே ஒரு சுருளால் கடக்கிறது. பெரும்பாலான புரதக் கூட்டணிகளைக் கலைத்துவிடும் எஸ்.டி.எஸ். கூட இதன் இருபடியை முழுதாகக் கலைப்பதில்லை. சர்க்கரை மிகுந்த புரதம் என்பதால் வழக்கமான நீலச் சாயத்தில் சரியாகத் தெரியாது. சர்க்கரைக்கான சாயம் இட்டால் இளஞ்சிவப்பில் இரண்டு பட்டைகள் தெரியும், மேலே இருபடி, கீழே ஒருபடி. 1970-களில் இந்த ஜெல்களைப் பார்த்தவர்கள் முதலில் குழம்பியதில் வியப்பில்லை.

1992-இல் மார்க் லெம்மனும் எங்கெல்மன் குழுவினரும் இந்தச் சுருளின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, இருபடிக்கு இன்றியமையாத ஏழு இடங்களை அடையாளம் கண்டார்கள்: லூசின் 75, ஐசோலூசின் 76, கிளைசின் 79, வாலின் 80, கிளைசின் 83, வாலின் 84, திரியோனின் 87. இவற்றில் மின்னூட்டம் உள்ளது ஒன்றுகூட இல்லை. சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் என்பதால், நான்கு இடம் தள்ளி நிற்கும் இரண்டு கிளைசின்களும் ஒரே முகத்தில் அமர்கின்றன. கிளைசினுக்குப் பக்கத்தொடர் கிடையாது; ஆகவே அந்த முகத்தில் ஒரு பள்ளம் உண்டாகிறது. 1997-இல் வெளிவந்த என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கட்டமைப்பில், எதிர்ச்சுருளின் வாலின் மேடு இந்தப் பள்ளத்தில் பொருந்தியிருப்பதையும், இரு சுருள்களின் அச்சுகள் ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தில் குறுக்கிட்டு 6.5 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகில் வந்துவிடுவதையும் பார்க்கலாம். வழக்கமான சுருள் ஜோடிகளைவிட இது நல்ல நெருக்கம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கை இப்படிப் போடுங்கள்: பிரிந்திருக்கும்போது சுருள்–கொழுமியத் தொடர்பு இரண்டு பங்கு, சேர்ந்தபின் சுருள்–சுருள் ஒரு பங்கு, விடுபட்ட கொழுமியங்கள் தங்களுக்குள் சேர்ந்துகொண்டது ஒரு பங்கு. சேர்வதும் சேராததும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. விசை ஒன்றேயானாலும் பொருத்தம் ஒன்றல்ல. ஆடிக்கொண்டே இருக்கும் கொழுமிய வால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டுமென்றால் தன் ஆட்டத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். வாலினோ சுருளான அன்றே தன் சுதந்திரத்தை இழந்துவிட்டது. எதிர்ச்சுருளோடு பொருந்தும்போது அது இழப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

ஈரடுக்கு எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கிளைகோஃபோரினை வைத்து எழுதப்பட்ட பாடநூல்கள் மாணவர்களைத் தவறான பாதையில் அனுப்பிவிடுகின்றன என்பது என் நெடுநாள் மனக்குறை. கிளைசின், இடையில் ஏதேனும் மூன்று, மீண்டும் கிளைசின் என்ற வரிசையைக் கண்டவுடன் இது சேரும் சுருள் என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள்.

அந்த வரிசைக்குப் புகழ் சேர்த்தவை 2000-ஆம் ஆண்டின் இரண்டு ஆய்வுகள். ஒன்றில் செனெஸ், கெர்ஸ்டைன், எங்கெல்மன் ஆகியோர் சவ்வூடு வரிசைகளின் தொகுப்பை எடுத்து, இந்தக் கிளைசின் ஜோடி தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட 32 விழுக்காடு கூடுதலாக வருவதாகக் கணக்கிட்டார்கள். மற்றொன்றில் ரஸ்ஸும் எங்கெல்மனும் ஒரு பெரிய வரிசை நூலகத்தைப் பாக்டீரியாவின் உட்சவ்வில் வைத்து, வலுவாகச் சேரும் சுருள்களைத் தாங்கிய பாக்டீரியா மட்டுமே பிழைக்கும்படி வடிகட்டினார்கள். தேறியவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஜோடியைக் கொண்டிருந்தன. கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூலகமே கிளைகோஃபோரினின் இணைமுகத்தை (சுருள்கள் தொட்டுக்கொள்ளும் முகத்தை) அச்சாக வைத்து வடிவமைக்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் படித்தால் மலைப்பு கொஞ்சம் தணியும். பள்ளம் வெட்டிய அச்சில் வார்த்தால் பள்ளத்துக்கு ஏற்றதுதான் தேறும்.

கிளைசின் ஜோடி இருந்தும் சேராத சுருள்களும் உண்டு, அது இல்லாமலே வலுவாகச் சேர்பவையும் உண்டு. இதய தசையில் கால்சியம் ஏற்றியைக் கட்டுப்படுத்தும் ஃபாஸ்ஃபோலாம்பான் வெறும் 52 அமினோ அமிலங்கள் கொண்டது; லூசினும் ஐசோலூசினும் பல்சக்கரம்போல் கோத்துக்கொள்வதால் ஐம்படியாகிறது. அதில் பள்ளம் ஏதும் இல்லை. டிகிராடோ குழு 2019-இல் அந்தக் கோப்பு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணெய்த் தன்மையுள்ள பக்கத்தொடர்களின் நெருக்கத்தாலேயே உறுதியாக நிற்கும் ஐம்படிகளைப் புதிதாக வடிவமைத்துக் காட்டியது. எனவே நெருக்கமான அடுக்கு என்பதே பொது விதி; கிளைசின் ஜோடி அதற்கு ஒரு வழி.

கிளைசினுக்குக் கூடுதலாகச் சொல்லப்படும் இன்னொரு காரணமும் சர்ச்சையானதுதான். சுருள்கள் அவ்வளவு நெருங்கும்போது கிளைசினின் ஆல்பா கார்பனில் உள்ள ஹைட்ரஜன், எதிர்ச்சுருளின் ஆக்சிஜனோடு மெலிதான ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும் என்று 2001-இல் செனெஸ் முதலியோர் எழுதினார்கள். 2004-இல் ஆர்பெலியும் ஆர்கினும் கிளைகோஃபோரினின் கிளைசின் 79-இல் அந்தப் பிணைப்பை அகச்சிவப்பு நிறமாலையால் அளந்து மோலுக்கு 0.88 கிலோகலோரி என்றார்கள். அதே ஆண்டு, அதே ஆய்விதழில், பாக்டீரியோரோடாப்சினில் அதே வகைப் பிணைப்பைக் கலைத்துப் பார்த்த போவி குழு, அது புரதத்தை நிலைப்படுத்தவே இல்லை என்றது. இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரு பிணைப்பு இருக்கிறது என்பதும், அது இல்லாவிட்டால் புரதம் எவ்வளவு இழக்கும் என்பதும் வெவ்வேறு அளவீடுகள்.

நெய்தல் எழுதியது:

இடையில் சிறிய குறிப்பு மட்டும். கார்பனில் உள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு பிணையலாம் என்பதை 1960-களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனின் குழு பாலிகிளைசின், கொலாஜன் கட்டமைப்புகளை விளக்கும்போது முன்வைத்திருந்தது. கொலாஜனிலும் மூன்றில் ஓர் இடத்தில் கிளைசின் நிற்பதால்தான் மூன்று இழைகள் அவ்வளவு நெருங்க முடிகிறது. சவ்வில் நடப்பதற்கு அது நேர் முன்னோடி என்று சொல்லமாட்டேன், ஆனால் வடிவியல் ஒன்றுதான்.

கயல் எழுதியது:

நன்றி. அப்படியானால் மின்முனைவுள்ள அமினோ அமிலங்கள்? எண்ணெய்க்குள் ஓர் அஸ்பராஜினோ குளூட்டாமிக் அமிலமோ நின்றால், துணை தேடி அடுத்த சுருளை இழுத்துக்கொள்ளும் என்று படித்தேன். பள்ளத்தைவிட அது வலுவான காரணம் அல்லவா?

நெய்தல் எழுதியது:

சில இடங்களில் ஆம். 2000-இல் டிகிராடோ, எங்கெல்மன் ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியே, வடிவமைத்த சுருளின் நடுவில் ஓர் அஸ்பராஜின் இருந்தாலே அவை சேர்வதைக் காட்டின. உடலில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு, நோயெதிர்ப்புச் செல்களில் இருக்கும் டி-செல் ஏற்பி. அதன் சுருள்களில் நேர்மின் அமினோ அமிலங்களும், துணைநிற்கும் சிடி3 குடும்பச் சுருள்களில் எதிர்மின் அமினோ அமிலங்களும் சவ்வின் நடுவே நிற்கின்றன. ஒரு நேர்மின்னுக்கு இரண்டு எதிர்மின் என்ற கணக்கில் ஒவ்வொரு படியாகக் கூட்டணி அமைகிறது என்று வுக்கர்பெனிக் ஆய்வகம் 2002-இல் காட்டியது.

நோய்களில் இதன் முகம் வேறு. 1986-இல் வைன்பர்க் ஆய்வகத்தில் எலியின் நியூ புற்றுமரபணுவை ஆராய்ந்தபோது, சாதாரண மரபணுவுக்கும் புற்றாக்கும் மரபணுவுக்கும் இடையில் இருந்த வேறுபாடு சவ்வூடு பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் என்று தெரிந்தது: 664-ஆம் இடத்து வாலின், குளூட்டாமிக் அமிலமாகியிருந்தது. வெளியிலிருந்து எந்த வளர்ச்சிக் காரணியும் வராமலே, அந்த மரபணு உருவாக்கும் ஏற்பிகள் இணைந்து சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிடுகின்றன.

ஆனால் "வலுவான" என்ற சொல்லில் கவனம் வேண்டும். மண்டையோட்டு எலும்புகள் உரிய காலத்துக்கு முன்பே இணைந்துவிடும் குரூசான் நோய்க்குறியின் ஒரு வகையில், எஃப்.ஜி.எஃப். (நார்ச்செல் வளர்ச்சிக் காரணி) ஏற்பி 3-இன் 391-ஆம் இடத்து அலனின் குளூட்டாமிக் அமிலமாகிறது. ஹிரிஸ்டோவா ஆய்வகம் கொழுமிய ஈரடுக்கில் அளந்தபோது இருபடிக்குக் கிடைத்த கூடுதல் ஆற்றல் 1.3 கிலோகலோரி. அறை வெப்பநிலையில் இது சமநிலையை ஏறத்தாழ ஒன்பது மடங்கு நகர்த்தும் அளவுதான். ஒரு குழந்தையின் மண்டையோட்டு வடிவத்தை மாற்ற அது போதுமானதாக இருக்கிறது. அதே ஏற்பியில் 380-ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாவதே அகான்ட்ரோபிளாசியா என்ற குள்ளத்தன்மையின் மிகப் பெரும்பாலான நேர்வுகளுக்குக் காரணம். அங்கே ஏற்பி சிதையும் வேகமும் மாறுவதால், இருபடியை மட்டும் வைத்துக் கதையை முடிக்க முடியாது.

ஈரடுக்கு எழுதியது:

நெய்தல் சொன்னதோடு ஓர் எண்ணைச் சேர்க்கிறேன். 2008-இல் போவி குழு பாக்டீரியோரோடாப்சினில் பக்கத்தொடர்களுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தனித்தனியாக அளந்தது. எண்ணெய்ச் சூழலில் அவை மிக வலுவாக இருக்கும் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். சராசரி 0.6 கிலோகலோரிதான் வந்தது.

பழைய_பட்டை எழுதியது:

இதுவரை கொழுமியத்தை வெறும் கரைப்பானாக வைத்தே பேசிவிட்டோம், என் பதிவும் அப்படித்தான். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கிளைகோஃபோரின் இருபடியின் ஆற்றலை முதலில் நம்பகமாக அளந்தவர்கள் கேரன் ஃபிளெமிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும். 1997-இல், சவர்க்காரத்தில், மீவேக மையவிலக்கியைக் கொண்டு. ஏறத்தாழ 9 கிலோகலோரி கிடைத்தது. உண்மையான ஈரடுக்கில் அளப்பது நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது, ஏனென்றால் அங்கே இருபடி பிரியவே மறுக்கிறது. பிரியாததன் சமநிலையை எப்படி அளப்பது? 2010-இல் போவி ஆய்வகத்தில் ஹோங் முதலியோர் இதற்கு ஒரு நெம்புகோல் கண்டுபிடித்தார்கள். இரு சுருள்களின் நுனிகளுக்கு அருகிலும் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறை ஒட்டினார்கள். ஸ்ட்ரெப்டவிடின் என்ற பருத்த புரதம் ஒரு பயோட்டினைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளும். சுருள்கள் சேர்ந்திருக்கும்வரை இரண்டாவது ஸ்ட்ரெப்டவிடினுக்கு இடம் இருக்காது. சுருள்கள் பிரியும் கணத்தில்தான் அது உட்கார முடியும். எனவே இரண்டாவது பிணைப்பு எவ்வளவு பலவீனமாகத் தெரிகிறதோ, இருபடி அவ்வளவு வலுவானது. இடம் போதாத இருக்கையில் இருவரை உட்காரவைத்துப் பார்ப்பதுபோன்ற இந்த உத்தியால், பி.ஓ.பி.சி. என்ற நடுநிலைக் கொழுமியத்தில் 12 கிலோகலோரி கிடைத்தது. ஒவ்வொரு 1.4 கிலோகலோரியும் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சவ்வு என்பது சவர்க்காரத்தைவிடச் சுருள்களுக்கு இணக்கமானது என்று முடிவுகட்டும் நேரத்தில், அடுத்த ஆண்டே ஹோங்கும் போவியும் ஈ.கோலை பாக்டீரியாவின் இயற்கைக் கொழுமியங்களில் அதே சுருளை வைத்து அளந்தார்கள். இருபடி பல கிலோகலோரி அளவுக்குத் தளர்ந்துபோனது. எதிர்மின் கொழுமியங்களும், சுருளின் அடிப்பகுதியில் உள்ள நேர்மின் அமினோ அமிலங்களும் சேர்ந்து செய்த வேலை இது. சவ்வில் மற்றப் புரதங்களையும் கலந்தபோது மேலும் தளர்ந்தது. சுருளின் வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடத் தெளிவான நேர்வு ஈ.கோலையின் சி.எல்.சி. குளோரைடு கடத்தி. பல சுருள்கள் கொண்ட இரண்டு பெரிய துணை அலகுகள் சவ்வுக்குள் இருபடியாகின்றன. ஜானிஸ் ராபர்ட்சன் ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனித்து நிற்கும் அலகின் இணைமுகத்தில் சவ்வு மெலிந்து வளைய வேண்டியிருக்கிறது. இரண்டு அலகுகள் சேர்ந்தால் அந்த மெலிந்த பகுதி மறைந்துவிடுகிறது. குட்டை வால் கொண்ட கொழுமியத்தைச் சிறிதளவு கலந்தால், அது அந்த மெலிந்த இடத்துக்கு வசதியாகப் பொருந்தி, தனித்திருப்பதன் செலவைக் குறைத்து, இருபடியைத் தளர்த்துகிறது. பூட்டுக்குள் சாவிபோல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தடுப்பதில்லை. சுற்றுப்புறத்தின் கலவையே மாறுகிறது.

ஆகவே, கயல், தலைப்பில் "பிடித்துக்கொள்கின்றன" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடத்தியைப் பொறுத்தவரை, கொழுமியங்கள் தங்கள் சிரமத்தைக் குறைத்துக்கொள்வதற்காக அவற்றைச் சேர்த்துவைக்கின்றன என்று எழுதினாலும் பிழையில்லை.

அகப்பை எழுதியது:

கோட்பாடு போதும், அந்தப் பெண்ணின் ஜெல்லுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

சவ்வூடு பெப்டைடுகள் எஸ்.டி.எஸ். ஜெல்லில் தம் எடைக்குரிய இடத்தில் ஓடுவது அரிது. 2009-இல் டொராண்டோவில் ராத், டெபர் ஆகியோரின் குழு, சி.எஃப்.டி.ஆர். என்ற சவ்வுப் புரதத்தின் சுருள் ஜோடிகளை வைத்து, சவர்க்காரம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதே இடமாற்றத்துக்குக் காரணம் என்று காட்டியது. எனவே ஒரே பட்டை, அதுவும் மேலே, என்பது இருபடியாகவும் இருக்கலாம், சவர்க்காரத்தைப் போர்த்திக்கொண்ட ஒருபடியாகவும் இருக்கலாம். பட்டையின் உயரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நானே ஒரு முறை அப்படிச் சொல்லி, கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்தவர் கேட்ட ஒரே கேள்வியில் உட்கார்ந்தேன்.

முதலில் நீர்த்துப் பாருங்கள். பத்து மடங்கு, நூறு மடங்கு குறைத்தும் பட்டை நகரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கிளைகோஃபோரின்போல் வலுவானதாக இருந்தால் மட்டுமே இது தவறாக வழிகாட்டும். அடுத்து, அதே சுருளுக்கு ஒரு வாலைச் சேர்த்து நீளமான வடிவம் ஒன்று செய்து, குட்டையானதோடு கலந்து, சூடாக்கி, ஆறவைத்து ஓட்டுங்கள். உண்மையான இருபடி என்றால் நீளம்–நீளம், குட்டை–குட்டை ஆகியவற்றுக்கு நடுவில் நீளம்–குட்டை என்ற மூன்றாவது பட்டை வர வேண்டும். லெம்மன் குழு கிளைகோஃபோரின் சுருளை ஸ்டஃபிலோகாக்கஸ் நியூக்ளியேஸோடு இணைத்துச் செய்ததும் ஏறத்தாழ இதுதான். இணைமுகத்தில் இருப்பதாக நீங்கள் நினைக்கும் கிளைசினை ஐசோலூசினாக்கிப் பார்ப்பதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அந்த மாற்றமே சவர்க்காரம் ஒட்டும் அளவை மாற்றிப் பட்டையை நகர்த்திவிடக்கூடும்.

கயல் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நீர்த்தும் பட்டை அசையவில்லை. நீளமான வடிவம் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. கலந்து, 95 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து, ஓரிரவு ஆறவைத்து ஓட்டினேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இரண்டே பட்டைகள். நடுவில் வெறும் ஜெல். குறிப்பேட்டில் இருபடி என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஈரடுக்கு எழுதியது:

அடித்தது சரி, ஆனால் அந்த இடத்தில் "ஒருபடி" என்று எழுதிவிடாதீர்கள். எஸ்.டி.எஸ்.-இல் சேரவில்லை என்பது மட்டுமே உங்களுக்குத் தெரிந்தது. கிளைகோஃபோரின் ஒரு சவ்விலிருந்து இன்னொன்றுக்குப் போனதற்கே பல கிலோகலோரி மாறியதைப் பார்த்தோம். இரண்டு நிறச் சாயங்களை ஒட்டி, கொழுமியக் குமிழியில் ஆற்றல் கடத்தலை அளந்து பாருங்கள். பெப்டைடுக்கும் கொழுமியத்துக்குமான விகிதத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள், ஏனெனில் சவ்வுக்குள் செறிவு என்பது அந்த விகிதம்தான், குடுவையில் உள்ள தண்ணீரின் அளவு இல்லை. ஒரு கொழுமியத்தோடு நிறுத்தாமல், குட்டை வால் ஒன்று, நெட்டை வால் ஒன்று, எதிர்மின் ஒன்று என மூன்றிலாவது செய்யுங்கள்.

கயல் எழுதியது:

சாயம் ஒட்டுவதற்கு என் வரிசையில் சிஸ்டீன் இல்லை. நுனியில் ஒன்றைச் சேர்த்தால் அதுவே இரு சுருள்களை டைசல்ஃபைடால் பூட்டிவிடாதா?

அகப்பை எழுதியது:

பூட்டும். டைசல்ஃபைடைப் பிரிக்கும் ஒடுக்கியைச் சேர்த்து வைத்திருங்கள், சாயம் இடும் முன் அதை நீக்கிவிடுங்கள், உடனே சாயம் இடுங்கள். அல்லது பெப்டைடைத் தொகுக்கும்போதே நைட்ரஜன் முனையில் சாயத்தை ஏற்றித் தரச் சொல்லுங்கள். செலவு கூடும், தலைவலி குறையும்.